மலிவு கேமராவை ரோபோவில் பொருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரையில் ஒட்டிய கோட்டைப் பின்தொடரவும் வண்ணப் பந்தைத் தேடிச் செல்லவும் ஒரு சிறு ரோபோவுக்கு ஓவி7670, ஓவி2640 போன்ற விலை குறைந்த கேமரா சென்சார்களே போதும். ஆனால் வாங்குபவர்களில் பலர் முதலில் மெகாபிக்சலைத்தான் பார்க்கிறார்கள். தவறு அங்கேயே தொடங்குகிறது. 320க்கு 240 அளவுள்ள வண்ணப் படம் ஒன்று, பிக்சலுக்கு இரண்டு பைட் வீதம், 1,53,600 பைட் இடம் கேட்கும். சிறு ரோபோக்களை இயக்கப் பலர் பயன்படுத்தும் அர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையில் உள்ள ரேமோ (தற்காலிக நினைவகம்) 2,048 பைட்தான். 2000களின் தொடக்கத்தில் கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் உருவான சிஎம்யூகேம் என்ற ரோபோ கேமரா, வெறும் 136 பைட் ரேம் கொண்ட சிப்பை வைத்தே வண்ணப் பொருள்களைப் பின்தொடர்ந்தது. முழுப் படத்தையும் சேமிக்காமல், பிக்சல்கள் வரவர அவற்றைக் கணக்கில் சேர்த்துக்கொண்டதே அதற்குக் காரணம். கோட்டைப் பின்தொடர 160க்கு 120 அளவுள்ள கறுப்பு வெள்ளைப் படம் தாராளமாகப் போதும்.

ஒளியைப் பற்றி யோசிக்காமல் விடுவதைத்தான் எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் கருதுகிறேன். சிவப்புப் பந்தை அடையாளம் காணும் எண்களை இரவில் விளக்கொளியில் குறித்துவைத்துவிட்டு, மறுநாள் சன்னல் வெயிலில் ரோபோவை ஓடவிட்டால் அது பந்தைத் தவறவிடும். இதோடு, பந்தை நெருங்க நெருங்கப் படம் முழுவதும் சிவப்பு நிறையும்போது, சென்சாரின் தானியங்கி வெண்சமநிலை (ஒளிக்கு ஏற்ப நிறங்களைத் தானே சரிசெய்யும் வசதி) அந்தச் சிவப்பையே மங்கவைக்கும். ஆகவே கேமரா சில நொடிகள் ஒளிக்குப் பழகிய பிறகு வெண்சமநிலையையும் வெளிச்ச அளவையும் நிலையாக வைத்துவிட்டு, நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீல அளவுகளாகப் பார்க்காமல் சாயல், செறிவு, ஒளிர்வு எனப் பிரித்து ஒப்பிடுவது நல்லது. படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் தெரிந்தால் சென்சார் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம்; 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மினுங்குவதன் விளைவாகவும் அது இருக்கலாம்.

கேமராவும் வைஃபையும் சேர்ந்த ஈஎஸ்பி32-கேம் பலகை அடிக்கடி தானாக மறுதொடக்கம் ஆனால், மின்னழுத்தம் குறைவதைக் கண்டறியும் காவலை நிரலில் முடக்கிவிடுவது பரவலான பழக்கம். இதை வன்மையாக எதிர்க்கிறேன். மோட்டார் கிளம்பும்போதும் வைஃபை அலைபரப்பும்போதும் மின்னழுத்தம் சரிவதுதான் கோளாறு. காவலை முடக்கினால் எச்சரிக்கை மறையுமே தவிர சரிவு நிற்காது. கேமராவுக்குத் தனி 5 வோல்ட் ரெகுலேட்டரும் அதனருகில் ஒரு பெரிய கெப்பாசிட்டரும் வைத்து, கிரவுண்டை மட்டும் மோட்டார் பகுதியோடு பொதுவாக இணைக்க வேண்டும்.

பழைய படத்தைப் பார்த்துத் திரும்பும் ரோபோவும் உண்டு. நொடிக்கு அரை மீட்டர் ஓடும் வண்டியில் படம் 200 மில்லி நொடி தாமதித்தால், முடிவெடுக்கும்போது அது 10 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருக்கும். படத்தைச் சுருக்கிய ஜேபெக் வடிவில் எடுத்துப் பிறகு பிரிப்பதும், வரிசையில் காத்திருக்கும் பழைய பிரேமை வாங்குவதும் இந்தத் தாமதத்தைக் கூட்டும். எனவே கறுப்பு வெள்ளைப் படத்தை நேரடியாகவே எடுத்து, அண்மைய பிரேமை மட்டும் தரும்படி கேமராவை அமைத்துவிட்டு, அதன் பிறகே மோட்டார் வேகத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.