கன்டெய்னர் நம்பரை வெச்சு 7, 11, 13 வாய்ப்பாடு

திருவொற்றியூர்ல டியூஷன் எடுக்கிறேன். ஒரு எண் 3-ஆல வகுபடுமா, 9-ஆல வகுபடுமான்னு கேட்டா பசங்க பட்டுனு சொல்லிடுவாங்க. 7-னு சொன்னதும் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பார்ப்பான். 13 பத்திக் கேக்கவே வேணாம். இந்த ரெண்டோட 11-ஐயும் சேர்த்து ஒரே கழித்தல்ல முடிச்சிடலாம். அதுக்கு 1001-ஐப் பழகிக்கணும்.

7 × 11 = 77. 77 × 13 = 1001. அதனால எந்த மூணு இலக்க எண்ணை 1001-ஆல பெருக்கினாலும் அதே எண் ரெண்டு தரம் வரும்: 286 × 1001 = 286286. அப்படி இரட்டையா வர்ற எண் எதுவா இருந்தாலும் 7, 11, 13 மூணாலயும் கண்ண மூடிக்கிட்டு வகுக்கலாம்.

மத்த எண்களுக்கு எப்படி? எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல கன்டெய்னர் லாரிக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டா கதவைப் பாருங்க. நாலு இங்கிலீஷ் எழுத்து, ஆறு இலக்கம், கடைசியா கட்டத்துக்குள்ள தனியா ஒண்ணு இருக்கும். கட்டத்துல இருக்கிறதை விட்டுடுங்க. (அதுவும் 11-ஆல வகுத்த மீதியிலிருந்து வர்றதுதான். ஆனா எழுத்துக்கும் மதிப்பு போட்டு செய்ற வேற கணக்கு.)

ஆறு இலக்கம் 458237-னு வெச்சுக்குவோம். நடுவுல வெட்டுங்க: 458, 237. பெரிசுல இருந்து சின்னதைக் கழிச்சா 221. இனிமே 221-ஐ மட்டும் பார்த்தா போதும். 7-க்கு 210 போக 11 நிக்குது, வகுபடாது. 11-க்கு 220 போக 1 நிக்குது, வகுபடாது. 13 × 17 = 221. ஆக, 458237 13-ஆல மட்டும் வகுபடும். கழிச்சு 0 வந்தா மூணாலயும் வகுபடும்.

காரணம் சின்னதுதான். 458 ஆயிரத்தை 458 × 1001-ஆ எடுத்துக்கிட்டா 458 கூடுதலா போயிடுது, அதை 237-ல திரும்பக் கழிக்கிறோம். வகுபடுமான்னு பார்க்க மட்டும்னா எதுல எதைக் கழிச்சாலும் ஒண்ணுதான். மீதி எவ்வளவுன்னு வேணும்னா வலதுல இருந்து இடதைத்தான் கழிக்கணும். இங்க அது −221. 221-ஐ 7-ஆல வகுத்தா மீதி 4, குறை எண்ணுங்கிறதால 7 − 4 = 3. 458237-ஐ 7-ஆல வகுத்துப் பாருங்க, மீதி 3-தான் வரும்.

வலது பக்கம் பூச்சியத்துல ஆரம்பிச்சா பசங்க தடுமாறுவாங்க. 715008-ல வலது பக்கம் வெறும் 8. 715 − 8 = 707, அது 7-ஆல வகுபடும்.

ஆறு இலக்கம்தான் வேணும்னு இல்ல. ஹார்பர் ஆபீஸ்ல 1912-ல கிளார்க்கா சேர்ந்த ராமானுஜன் பேரோட ஒட்டிக்கிட்ட 1729-ஐ வெட்டுங்க: 1, 729. கழிச்சா 728. அது 7-ஆலயும் வகுபடும், 13-ஆலயும் வகுபடும், 11-ஆல மட்டும் வகுபடாது.

எண் நீளமா இருந்தா வலதுல இருந்து மூணு மூணா பிரிச்சு, கழிச்சு, கூட்டி, மாத்தி மாத்திப் போங்க. 1,23,45,678-க்கு 678 − 45 + 23 − 1 இல்ல. லட்சம் கோடிக்குப் போடுற கமாவை அழிச்சுட்டு 12 345 678-னு எழுதணும். 678 − 345 + 12 = 345. அது 7, 11, 13 எதாலயும் வகுபடாது.