மோகினி கதை எழுதுகிறீர்களா? இதையெல்லாம் தவிருங்கள்

ஈரோடு புத்தகத் திருவிழா முடிந்த கையோடு எனக்குப் பேய்க்கதைகள் வர ஆரம்பித்துவிடும். அனுப்புகிறவர்கள் கோபி, பல்லடம், தாராபுரம், குமாரபாளையம் என்று சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். பாதிக்கு மேல் மோகினி கதைதான். ஆளை மயக்கிக் கூட்டிப்போய் உயிரைக் குடிக்கிற பேய். படிக்கப் படிக்க என் பழைய நோட்டுகளைப் புரட்டுகிற மாதிரியே இருக்கிறது. அதே இடத்தில் அதே சறுக்கல்.

வெள்ளைச் சேலை, மல்லிகை வாசம், கொலுசுச் சத்தம், தரையில் படாத கால். இவற்றைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆளைத் தெரியாத பேய்

எத்தனை தடவை சொன்னாலும் திரும்பத் திரும்ப வருகிற தவறு இது. இன்னமும் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஒருத்தன் ராத்திரி பைக்கில் வருகிறான். கீழ்பவானி வாய்க்கால் பாலத்தில் அழகான பெண் ஒருத்தி நிற்கிறாள். லிஃப்ட் கேட்கிறாள், ஏற்றிக்கொள்கிறான், காலையில் பிணமாகக் கிடக்கிறான். சரி, அவன் யார்? தெரியாது. ஆம்பளை, அவ்வளவுதான். அவனுக்குப் பதிலாக அவன் பங்காளி அந்த வழியாக வந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். அப்படியென்றால் பாலத்தில் நின்றது மோகினி இல்லை, விளக்கில்லாத டிராக்டர் டிரெய்லர்.

மயக்க வருகிற பேய்க்கு முதலில் ஆள் விவரம் தெரிந்திருக்க வேண்டும். எது அவனைத் தூங்கவிடாமல் அரிக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அழகெல்லாம் அப்புறம்.

சிலப்பதிகாரத்தில் காடுகாண் காதையை எடுத்துப் பாருங்கள். மதுரைக்குப் போகிற வழியில் கோவலன் தண்ணீர் குடிக்க ஒரு பொய்கைக்குப் போகிறான். அந்தக் காட்டுத் தெய்வம் நினைத்திருந்தால் ரம்பையாகவே வந்து நின்றிருக்கலாம். அது வயந்தமாலை உருவத்தில் வருகிறது. யார் அந்த வயந்தமாலை? மாதவியின் கடிதத்தை முன்பு அவனிடம் கொண்டுவந்தவள். அவன் வாங்க மாட்டேன் என்று திருப்பி அனுப்பினானே, அவள். வந்ததும் காலில் விழுந்து அழுகிறது. 'நீ ஏதோ தப்பாகப் பேசியிருக்கிறாய், அதனால்தான் கோவலன் இப்படிச் செய்தான் என்று மாதவி என்னைத் துரத்திவிட்டாள். வியாபாரிகள் கூட்டத்தோடு சேர்ந்து தனியாகக் கஷ்டப்பட்டு வந்தேன். நான் என்ன செய்யட்டும்?' என்கிறது. உடம்பைக் காட்டி ஒரு வார்த்தை இல்லை. கோவலன் மனசில் மாதவி பாக்கி இருக்கிறாள், அது போதும் அதற்கு. வழியில் கண்ட மறையவர் இந்தக் காட்டில் மயக்குகிற தெய்வம் உண்டு என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தார். அதனால் மந்திரம் சொல்லிச் சோதித்துத் தப்பிக்கிறான். (சிலம்புக்கு உரை எழுதிய அடியார்க்கு நல்லார் நம்ம கொங்கு நாட்டு நிரம்பைக்காரர் என்பார்கள். அந்தப் பெருமைக்காகவாவது ஒரு தடவை படிக்கலாம்.)

நாட்டுக்கதையில் வருகிற பழையனூர் நீலி என்கிற பேய் இன்னும் கெட்டிக்காரி. தன்னைக் கண்டு மிரண்ட வணிகனை அவள் தனியாக மடக்கவில்லை. கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் புருஷன், என்னைக் கைவிடப் பார்க்கிறார்' என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் அழுதாள். அவர்களே அவனைச் சமாதானம் செய்து அவளோடு அனுப்பினார்கள். அவள் மயக்கியது அவனை அல்ல, நியாயம் பேசுகிற எழுபது பேரை.

சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிற ஒரு தம்பி இதை ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்றான்.

"அழகா இருந்தாத்தானுங்ணா மயங்குவான்?"

"நைட் ஷிஃப்ட்ல உன்ற மனசுல என்ன கண்ணு ஓடும்?"

"அட்வான்ஸ்தானுங்ணா. ஓனர்கிட்ட வாங்குனது எப்பக் கழியும்னு."

அதை எழுதச் சொன்னேன். எழுதினான். கரண்ட் போகிறது. அத்தனை தறியும் ஒரே நேரத்தில் நிற்கிறது. தறிச்சத்தத்திலேயே பழகின காதுக்கு அந்த அமைதியைத் தாங்க முடியவில்லை. இருட்டில் அடுத்த வரிசையிலிருந்து ஒரு பொண்ணு பேசுகிறாள்: "உங்க கணக்க நா முடிச்சுட்டனுங்ணா. ஊட்டுக்குப் போலாம், வாங்க." தொகையைப் பைசா சுத்தமாகச் சொல்கிறாள். தங்கச்சி கல்யாணத்துக்கு நடுவில் வாங்கினதையும் சேர்த்துச் சொல்கிறாள். அண்ணா என்று கூப்பிடுகிற மோகினி! அவள் முகம் எப்படி இருந்தது என்று அந்தக் கதையில் ஒரு வரிகூடக் கிடையாது. படித்துவிட்டு எனக்கு ராத்திரி வெளியே போகவே யோசனையாக இருந்தது.

மற்ற தவறுகளைக் கடைசியில் உட்கார்ந்து திருத்திக்கொள்ளலாம். இதைத் திருத்த முடியாது. சாகப்போகிறவன் யாரென்று தெரியாமல் எழுதின பக்கங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வெளியூர்ச் சரக்கு

சக்குபஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்து தாராபுரத்தில் இறக்குகிறார்கள். அது இடைக்கால ஐரோப்பாவின் பேய். தூங்குகிற ஆணிடம் வரும். பாவம், பிரம்மச்சரியம், துறவி மடம் எல்லாம் சேர்ந்து பெற்ற பிள்ளை அது. நம்ம ஊரில் தூக்கத்தில் வருவது அமுக்குவான். அது நெஞ்சில் ஏறி உட்காரும், கொஞ்சாது. கனவு காணும் கட்டத்தில் உடம்பு அசையாமல் கட்டுண்டிருக்கும்போதே மூளை விழித்துக்கொண்டால் அப்படி ஆகும் என்கிறது மருத்துவம். கதைக்கு அதுவும் நல்ல விதைதான். ஆனால் இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

பாலக்காட்டுக் கணவாய் தாண்டினால் யட்சி. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள், பனையை மாளிகையாகக் காட்டுவாள், காலையில் நகமும் முடியும்தான் மிஞ்சும். பொள்ளாச்சிக் கதை என்றால் அவள் எட்டிப் பார்க்கலாம். காங்கேயத்துக் கொரங்காட்டில் (மேய்ச்சல் காடு), வெள்வேல மரத்தடியில், யட்சியோடு வருகிற ஏழிலைப்பாலை பூத்த வாசம் அடித்தால் நான் அங்கேயே மூடி வைத்துவிடுவேன்.

அநியாயமாகச் செத்தவள்

நடுவில் ஒரு ஃபிளாஷ்பேக்; அவளைக் கெடுத்துக் கொன்றுவிட்டார்கள், அதனால் பேயானாள். கொஞ்சம் நிதானியுங்கள். ஆனைமலையில் மாசாணியம்மன் படுத்த கோலத்தில் இருக்கிறாள். ஆற்றில் வந்த மாங்காயைத் தின்றதற்காக நன்னன் என்கிற அரசன் கொன்ற பெண்தான் அவள் என்று சொல்வார்கள். குறுந்தொகையே அவனைப் 'பெண்கொலை புரிந்த நன்னன்' என்கிறது. நியாயம் கிடைக்காதவர்கள் அங்கே போய் மிளகாய் அரைத்துப் பூசுகிறார்கள். அப்படிப்பட்டவளின் கதையை எடுத்துப் பைக்கில் வருகிறவனை மயக்க விடுகிறவர்களோடு எனக்குப் பேச்சில்லை.

பேய் பேசும் தமிழ்

டிவி சீரியல் தமிழ் வேண்டாம். நசியனூரில் நிற்கிறவள் நசியனூர்க்காரி மாதிரிப் பேசட்டும்.

கருப்பராயன் குதிரையில் வருவது

கடைசிப் பக்கத்தில் வருவார், அரிவாளை ஓங்குவார், மோகினி சாம்பலாவாள். சாமியைக் கொண்டு வருவது தப்பில்லை. அவர் வந்ததும் கணக்குத் தீர்ந்துவிடுவதுதான் தப்பு. கோவலனின் மந்திரம் அந்தத் தெய்வத்தைக் கொல்லவில்லை. அது உண்மையைச் சொல்லிவிட்டு, 'இதைக் கண்ணகியிடமும் கவுந்தியடிகளிடமும் (கூட வந்த சமணத் துறவி) சொல்லாதே' என்று கேட்டுக்கொண்டு போகிறது. அவன் தாமரை இலையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்புகிறான். அவர்களிடம் சொன்னானா என்று இளங்கோ எழுதவில்லை. உயிர் பிழைத்தவன் பெண்டாட்டியிடம் சொல்ல முடியாத ஒன்றோடு வீட்டுக்கு வருகிறானே, உங்கள் கதையை அங்கிருந்து இன்னும் நாலு பக்கம் ஓட்டலாம்.

எல்லாம் கனவு

எனக்கு அனுப்பாதீர்கள்.