'ஒண்ணும் ஆகலைல்ல, விடு': வேலையிடத்தில் நாம் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் சில வருடங்கள் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தேன். ஒரு நாள் மூன்றாம் ஷிப்ட், விடியற்காலை மூன்று மணி இருக்கும், பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமில் கருகல் வாடை. பஞ்சுப் பேலை, அதாவது அழுத்திக் கட்டிய பஞ்சு மூட்டையை, கட்டியிருந்த இரும்புப் பட்டையில் விரலளவுத் துண்டு ஒன்று பஞ்சோடு சேர்ந்து மெஷினுக்குள் போயிருக்கிறது. இரும்பும் இரும்பும் மோதிப் பொறி பறந்து பஞ்சு பிடித்துக்கொண்டது. அங்கிருந்த அண்ணன் மெஷினை நிறுத்தி, கனன்றுகொண்டிருந்த பஞ்சை வாரி வெளியே போட்டு, தீயணைப்பு சிலிண்டரை அடித்து அணைத்துவிட்டார். சூப்பர்வைசர் ஓடிவந்தார். "ஒண்ணும் ஆகலைல்ல? விடு. ரிப்போர்ட்டுன்னு போனா காலைல எல்லாரும் நின்னு பதில் சொல்லணும்" என்றார். ரிஜிஸ்டரில் ஏறிய வரி இதுதான்: 'மெஷின் 15 நிமிடம் நிறுத்தம். சுத்தம் செய்யப்பட்டது.'

அடுத்த மாதம் அதே மெஷின், அதே காரணம். இந்த முறை தீ குழாய் வழியாக ஃபில்டர் ரூம் வரைக்கும் போய்விட்டது. ஒருவருக்கு இரண்டு கையும் வெந்தது.

முதல் நாள் நடந்ததற்குப் பாதுகாப்புத் துறையில் 'நியர் மிஸ்' என்று பெயர். மயிரிழையில் தப்பியது என்று நாம் சொல்வோம். காசு செலவில்லாமல் கிடைக்கிற எச்சரிக்கை அது. அதை எழுதாமல் விடுவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவை. ஆபத்து எங்கே இருக்கிறது என்று யாராவது ஒருவருக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது. அது தெரிய வேண்டியவர் காதுக்குப் போய்ச் சேராமல் நாமே அடைத்துவைக்கிறோம்.

போபாலைப் பாருங்கள். 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையின் 610ஆம் எண் தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து, மெத்தில் ஐசோசயனேட் என்ற விஷ ரசாயனம் கொதித்து வெளியேறியது. அது திடீரென்று வந்த ஆபத்து கிடையாது. 1981 டிசம்பரில் அதே ஆலையில் பாஸ்ஜீன் என்ற விஷவாயு கசிந்து ஒரு தொழிலாளி இறந்திருந்தார். 1982இல் அமெரிக்கத் தலைமையகத்திலிருந்து வந்த குழுவே குறைகளைப் பட்டியல் போட்டுக் கொடுத்தது. அதே வருடம் ராஜ்குமார் கேஸ்வானி என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளர் இந்த ஊருக்கு ஆபத்து வரப்போகிறது என்று எழுதினார். 1984இல் மறுபடியும் எழுதினார். இதையெல்லாம் தாண்டி, தொட்டியைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய யூனிட்டை அந்த ஜூன் மாதத்திலிருந்தே நிறுத்திவைத்திருந்தார்கள். கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம், குழாய் கழற்றப்பட்டு ரிப்பேருக்காக நின்றுகொண்டிருந்தது.

அந்த இரவில் என் மனதை விட்டுப் போகாத இடம் ஒன்று உண்டு. பதினொன்றரை மணி வாக்கில் தொழிலாளர்களுக்குக் கண் எரிந்தது. கசிவு என்று தெரிந்து மேலே சொல்லவும் செய்தார்கள். சின்னக் கசிவுகள் அங்கே வழக்கமாகிப்போயிருந்ததால், டீ குடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று முடிவானது. டீ குடித்து முடிப்பதற்குள் தொட்டியின் அழுத்தம் கைமீறிவிட்டது. அரசுக் கணக்கிலேயே மூவாயிரம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். டீ குடித்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. தினமும் கண் எரிகிற இடத்தில், இன்றைக்கு எரிவது வேறு மாதிரி என்று யார் கண்டுபிடிப்பது? தினசரிக் கசிவை 'இது இப்படித்தான்' என்று பழக்கிவிட்ட நிர்வாகம்தான் அந்த இரவைத் தயார்செய்தது.

உங்கள் இடத்திலும் இப்படிப் பழகிப்போனவை இருக்கும். அடிக்கடி அடிக்கிறது என்று அமுக்கி வைத்த அலாரம், மூடி திறந்தால் மெஷின் நிற்க வேண்டிய சுவிட்சை நிற்கவிடாமல் இறுக்கிக் கட்டிய கேபிள் டை, ஃபியூஸுக்குப் பதிலாகப் போட்ட தடித்த கம்பி. இவற்றைச் செய்தவரை உடனே திட்டாதீர்கள். ஏன் செய்தார் என்று கேளுங்கள். பெரும்பாலும் சென்சார் உண்மையிலேயே கெட்டுப்போயிருக்கும், மாற்றக் கேட்டு மூன்று மாதமாகியிருக்கும், அதற்குள் உற்பத்தி டார்கெட் கழுத்தை நெரித்திருக்கும்.

இங்கேதான் அடுத்த தவறு வருகிறது. ஏதாவது நடந்ததும் விசாரணை "யார் செஞ்சது?" என்று தொடங்கும். பெயர் கிடைத்ததும் முடிந்துவிடும். மெமோ கொடுத்தாச்சு, ஃபைல் மூடியாச்சு. அதைப் பார்த்துக்கொண்டிருந்த மீதிப் பேர் ஒரு பாடம் கற்றுக்கொள்வார்கள்: வாயைத் திறக்கக் கூடாது. ஆபத்து என்று தோன்றினால் சொல்வதற்குத் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்று, போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, அபாயகரமான தொழில்களுக்கு எழுதிவைத்தார்கள். சொன்னவனை முறைக்கிற மேஸ்திரி முன்னால் அந்த வரி மட்டும் என்ன செய்யும்? சொன்னவருக்கு ஒரு வாரத்துக்குள் பதில் வர வேண்டும். 'முடியாது, இன்ன காரணம்' என்றாவது வர வேண்டும். பதில் வராத புகார்ப்பெட்டியில் அப்புறம் யாரும் சீட்டுப் போட மாட்டார்கள்.

உயிரை நேரடியாக எடுக்கிற தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். கழிவுநீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், சாயப்பட்டறையின் சுத்திகரிப்புத் தொட்டி. ஒருவர் இறங்கி மயங்கி விழுவார். காப்பாற்ற இன்னொருவர் குதிப்பார். அவரைத் தேடி மூன்றாமவர். நம் ஊர்ச் செய்தித்தாள்களில் 'விஷவாயு தாக்கி' என்று வரும் செய்திகளில் ஒரே தொட்டியில் இரண்டு மூன்று பேர் போவது இதனால்தான். ஹைட்ரஜன் சல்ஃபைடு கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு ஏறினால் மோப்ப நரம்பையே மரத்துப்போகச் செய்துவிடும். 'நாத்தம் இல்லை, இறங்கலாம்' என்று நினைப்பவர் பெரும் ஆபத்தில் இருக்கிறார். முதலில், மனிதனே இறங்காமல் மெஷினால் முடியுமா என்று பாருங்கள். செப்டிக் டேங்க், சாக்கடைக்குள் பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதற்கு 2013ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. மற்றத் தொட்டிகளில் வழியே இல்லையென்றால் வாயுமானி, காற்றை வெளியேற்றும் புளோயர், உடம்பில் பெல்ட், அதன் கயிறு வெளியே. வெளியே நிற்பவர் எந்த நிலையிலும் உள்ளே குதிக்கக் கூடாது, கயிற்றை இழுப்பதுதான் அவர் வேலை. இதை முதல் நாள் வந்த ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அவர் மொழியில் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவர் இந்தி பேசுபவராக இருந்தால் இந்தியில்.

2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்தபோதும் வெளியிலிருந்து உதவ ஓடிவந்தவர்கள் பலியானார்கள். உதவி செய்கிற மனசு நமக்கு இயல்பாக வரும். எதுவரை நெருங்கலாம் என்பதைத்தான் முன்கூட்டியே பழக்க வேண்டும். அந்த ஒத்திகையை நாம் எப்படி நடத்துகிறோம்? முன்கூட்டியே அறிவித்து, பகல் பதினொரு மணிக்கு, எல்லா அதிகாரிகளும் இருக்கும்போது. இரவு ஷிப்டில், அவசரக் கதவின் சாவி வாட்ச்மேன் பையில் இருக்கும்போது ஒரு முறை நடத்திப் பாருங்கள்.

மனிதர்களிடமிருந்து வரும் மிரட்டலும் இதே மாதிரிதான். "ஒரு நாள் எல்லாத்தையும் கொளுத்திட்டுப் போறேன்" என்று ஒருவர் சொன்னால் சிரித்துவிட்டுப் போவதும் தவறு, அன்றைக்கே வெளியே தள்ளுவதும் தவறு. யாராவது உட்கார்ந்து பேச வேண்டும், பேசியதை எழுதிவைக்க வேண்டும். பாலியல் தொல்லைப் புகார்களுக்கு, பத்துப் பேர் வேலை செய்யும் இடமானாலே 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்புகார்க் குழு இருக்க வேண்டும். குழு பேப்பரில் இருக்கும், உறுப்பினர் யார் என்று மட்டும் அங்கே வேலை செய்யும் பெண்களுக்குத் தெரியாது. பெயர்களையும் போன் நம்பரையும் சாப்பிடுகிற இடத்தில் ஒட்டுங்கள்.

எங்கள் நூற்பாலையில் அவர் கை வெந்த பிறகுதான் ஒரு நோட்டுப் போட்டார்கள். என்ன நடந்தது, எங்கே, அடுத்து என்ன செய்யலாம் என்று மூன்றே கட்டங்கள். பெயர் எழுத வேண்டியதில்லை. முதல் வாரத்தில் அந்த அண்ணன்தான் எழுதியிருந்தார்: 'பேல் பிரிக்கிற இடத்துல பட்டையை எண்ணணும்.' இப்போது ஒவ்வொரு பேலிலிருந்து வெட்டிய பட்டையையும் தொட்டியில் போட்டு, துண்டு குறையவில்லை என்று எண்ணிப் பார்த்த பிறகே அடுத்த பேலைத் தொடுகிறார்கள்.