கடலில் நீந்திக்கொண்டே குடிப்பது எப்படி? நெடுந்தூர நீச்சலுக்குப் புதியவர்களுக்கு

வேளச்சேரி 50 மீட்டர் குளத்தில் நிற்காமல் 5 கிலோமீட்டர் போகிறவர்கள்கூட, கடலில் இரண்டாவது மணி நேரத்தில் வாந்தி எடுத்துப் படகில் ஏறிவிடுகிறார்கள். கை வலியால் அல்ல. பெரும்பாலும், தெம்புக்காகப் படகிலிருந்து வாங்கிக் குடிக்கும் பாட்டிலால்தான். ஃப்ரீஸ்டைல், மூச்சு, தலை தூக்கித் திசை பார்ப்பது எல்லாம் வரும் என்று வைத்துக்கொண்டு, குடிப்பதை மட்டும் இங்கே பார்ப்போம்.

எங்கே, எப்போது: மெரினாவில் குளிக்கவே தடை. அலையும் உள்ளிழுப்பும் அங்கே மோசம். ஊர் மீனவர் ஒருவர் ஓட்டும் ஃபைபர் படகும், கூடவே ஒரு கயாக்கும் (துடுப்புப் போடும் சின்னப் படகு) இல்லாமல் எந்தக் கரையிலும் இறங்காதீர்கள். விடிந்ததும் தொடங்கி, கடற்காற்று கிளம்பும் முன் முடித்துவிடுங்கள்.

கலவை: 1 லிட்டர் தண்ணீருக்கு 60 கிராம் குளுக்கோஸ், 1 கிராம் உப்பு, வேண்டுமானால் அரை எலுமிச்சை. தராசில் நிறுத்துப் போடுங்கள். ஸ்பூன் கணக்கு ஏமாற்றும். 20 நிமிடத்துக்கு ஒரு தடவை 250 மில்லி. மணிக்கு 750 மில்லி, 45 கிராம் குளுக்கோஸ். முதல் மூன்று மணி நேரத்துக்கு இது தாராளம்.

'தெம்பு வேண்டும்' என்று 150 கிராம் கொட்டுவதுதான் வழக்கமான தப்பு. கெட்டியான சர்க்கரைத் தண்ணீர் குடலுக்குள் போனதும், நீர்க்க வைப்பதற்காக உடம்பிலிருந்தே தண்ணீரை உள்ளே இழுக்கும். ஏற்கெனவே நீங்கள் விழுங்கிய கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. அதுவும் அதே வேலையைச் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் வயிறு உப்பி, புரட்டி, வெளியே வந்துவிடும். கூடுதல் தெம்பு தேவைப்பட்டால் மால்டோடெக்ஸ்ட்ரினுக்கு (மாவுச்சத்தை உடைத்துச் செய்யும் பொடி) மாறுங்கள். மூலக்கூறு பெரிது என்பதால் அதே எடைக்கு இழுப்பு குறைவு. வடிகட்டிய நீர்த்த கஞ்சியும் மோசமில்லை. வண்ண வண்ண எனர்ஜி டிரிங்க், அதிலும் கேஸ் உள்ளது, வேண்டவே வேண்டாம்.

பாட்டில்: வாய் அகன்ற அரை லிட்டர் பாட்டில், பாதிதான் நிரப்ப வேண்டும், மீதிக் காற்று அதை மிதக்க வைக்கும். பாட்டிலின் கழுத்தில் 6 மீட்டர் நைலான் கயிறு. மறுமுனையைக் காத்தாடி நூல் சுற்றுவது போல ஒரு கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள். நீளக் கம்பில் கூடை கட்டி நீட்டுகிறவர்களும் உண்டு. அலையில் கம்பு தலையில் இடிக்கும். என் ஓட்டு கயிற்றுக்கே.

கொடுப்பதும் வாங்குவதும்: இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். நீரோட்டம் படகையும் ஆளையும் சேர்த்தே கொண்டுபோகும். காற்று அப்படியில்லை, படகை மட்டும் தள்ளும். எஞ்சினை நியூட்ரலில் போட்டதும் படகு நகரத் தொடங்கும். காற்று வரும் பக்கம் நீங்கள் இருந்தால் அது உங்களை விட்டு விலகும், எதிர்ப்பக்கம் இருந்தால் உங்கள் மேலேயே வரும். விலகும்போது கயிறு விறைத்துவிட்டால், படகு உங்களை இழுத்ததாகிவிடும். ஆங்கிலக் கால்வாய் விதிகளின்படி நீந்துகிறவருக்குப் படகின் தாங்கலே கூடாது. அதனால் பாட்டிலைக் கயாக்கிலிருந்து கொடுப்பதுதான் உத்தமம். கயாக் நெருங்க முடியாமல் படகிலிருந்தே வாங்க நேர்ந்தால், புரொப்பெல்லர் இருக்கும் பின்பக்கம் நெருங்காதீர்கள்.

பாட்டிலை ஆளின் தலைக்கு இரண்டு மீட்டர் முன்னால் வீச வேண்டும். பக்கவாட்டில் வீசினால் தேடித் திரும்ப நேரும். கயிற்றைத் தளர விட்டுக்கொண்டே இருக்கணும். நீங்கள் எடுத்ததும் மல்லாந்து, காலை மெல்ல உதைத்தபடி, நாலு மடக்கில் குடித்துவிட்டுப் பாட்டிலை அப்படியே விட்டுவிடுங்கள். நேராக நின்று குடித்தால் இடுப்பு இறங்கும், அடுத்த அலை வாயில். இலக்கு 20 விநாடி. எட்டு மணி நேர நீச்சலில் இப்படி 24 தடவை. 20 விநாடி என்றால் மொத்தம் 8 நிமிடம், ஒன்றரை நிமிடம் அரட்டையடித்தால் 36 நிமிடம். அந்த நேரமெல்லாம் பாக் நீரிணை மாதிரி இடத்தில் நீரோட்டம் சும்மா இருக்காது. முதலில் குளத்தில், ஆழமான முனையில், கரையிலிருந்து ஒருவர் வீச, பத்துத் தடவை ஒத்திகை பாருங்கள்.

சூடு: வெளிநாட்டுக் குறிப்புகளில் வெந்நீர், சூடான சூப் என்று இருக்கும். அது 16 டிகிரிக் கடலுக்கு. நம் கடல் பல மாதங்கள் 28 டிகிரியைத் தாண்டும். உலக நீச்சல் கூட்டமைப்பின் போட்டிகளில் 31 தான் உச்ச வரம்பு. பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கை உறைய வைத்து எடுத்துப்போங்கள். தண்ணீருக்குள் வியர்ப்பது தெரியாது. ஆகவே படகில் இருப்பவர் நிமிடத்துக்கு எத்தனை கைவீச்சு என்று எண்ணி எழுத வேண்டும். 64 இருந்தது 54 ஆனால், பெயரையும் கிழமையையும் கேளுங்கள். உளறினால் நீச்சல் முடிந்தது, ஏற்றிவிடுங்கள். பேரம் பேச விடாதீர்கள்.

பின்சேர்க்கை: 'நாக்கு தடித்துப் போகிறது, குடிக்கவே முடியவில்லை' என்று பலர் கேட்டிருந்தீர்கள். உப்பின் வேலை. 2019-இல் ஆங்கிலக் கால்வாயை நிறுத்தாமல் நான்கு முறை கடந்த சாரா தாமஸ், சுமார் 54 மணி நேரம் நீந்திய பிறகு, தொண்டையையும் நாக்கையும் உப்புநீர் படுத்திய பாட்டைத்தான் சொன்னார். தண்ணீர் கலந்த மவுத்வாஷ் ஒரு சின்ன பாட்டிலில் தனியாக இருக்கட்டும். மணிக்கு ஒருமுறை கொப்பளித்துத் துப்புங்கள். இரண்டு பாட்டிலும் ஒரே நிறத்தில் வேண்டாம்.