ஆட்டிசமோ என்று சந்தேகம் வந்தால்: வீட்டில் கவனிப்பது முதல் சான்றிதழ் வரை

"ஆம்பளைப் பிள்ளை, லேட்டாத்தான் பேசுவான்." "அவங்க அப்பாவே மூணு வயசுலதான் வாயைத் திறந்தான்." இப்படிச் சொல்லிச் சொல்லியே பல வீடுகளில் ஒரு வருடம் ஓடிவிடுகிறது. பேச்சுத் தாமதம் மட்டுமே ஆட்டிசம் (மற்றவர்களோடு பழகுவதும் தொடர்புகொள்வதும் வேறுபட்டிருக்கும் மூளை வளர்ச்சி நிலை) ஆகிவிடாது என்பது சரிதான். ஆனால் பேச்சு வராத குழந்தை தனக்கு வேண்டியதை எப்படிக் கேட்கிறது என்று பாருங்கள். பேச்சு மட்டும் தாமதமான குழந்தை விரலை நீட்டிக் காட்டும், உங்கள் முகத்தைப் பார்க்கும், நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டால் தலையாட்டி மறுக்கும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலர் உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போய் ஃப்ரிட்ஜ் கதவின் மேல் வைத்துவிட்டு, கதவையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

12 மாதத்தில் பெயர் சொன்னால் திரும்ப வேண்டும். 18 மாதத்துக்குள் விரல் நீட்டிக் காட்ட வேண்டும். வேண்டியதைக் கேட்பதற்கு மட்டுமல்ல, "அதோ பார் பஸ்" என்று உங்களோடு பகிர்ந்துகொள்வதற்கும். 24 மாதத்தில் இரண்டு சொற்களைத் தானாகச் சேர்த்துப் பேச வேண்டும். வந்த பேச்சு எந்த வயதில் நின்றுபோனாலும் அடுத்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.

வீட்டில் பார்க்கும் முறை

பெயர் சொல்லிக் கூப்பிடும்போது டிவி, போன் எதுவும் ஓடக் கூடாது. பின்னாலிருந்து, சாதாரணக் குரலில், பெயரை மட்டும் சொல்லுங்கள். "செல்லம், சாக்லேட்" என்று சேர்த்துச் சொன்னால் சாக்லேட்டுக்குத்தான் திரும்பும். வெவ்வேறு நேரங்களில் நான்கைந்து முறை கூப்பிட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து சோப்புக் குமிழி. நான்கு முறை ஊதிக் காட்டிவிட்டு மூடியை இறுக்கமாகத் திருகிக் குழந்தையின் கையில் கொடுங்கள். வாய் திறக்காமல் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பாட்டிலைத் திருப்பித் தந்து உங்கள் முகத்தைப் பார்க்கிறதா, பாட்டிலோடு மட்டும் மல்லுக்கட்டுகிறதா, மூடியைச் சுழற்றி ரசிக்கிறதா? இதை இரண்டு நிமிட வீடியோவாக எடுத்து வையுங்கள். புது இடத்தில் குழந்தை எதையும் செய்து காட்டாமல் அழலாம். அப்போது டாக்டருக்கு இந்த வீடியோ உதவும்.

16 முதல் 30 மாதம் வரையுள்ள குழந்தைக்கு எம்-சாட் என்ற 20 கேள்விப் படிவம் இருக்கிறது, தமிழிலும் கிடைக்கும். 0–2 மதிப்பெண் வந்தால் குறைந்த அபாயம். 3–7 என்றால் நிபுணர் மறுபடி விவரமாகக் கேட்க வேண்டும். 8 அல்லது அதற்கு மேல் என்றால் நேராக மதிப்பீட்டுக்குப் போகலாம். இதில் பெற்றோர் வழக்கமாகச் செய்யும் தவறு, "ஒருதரம் செய்தானே" என்று நினைத்து "ஆம்" போடுவது. வழக்கமாகச் செய்தால் மட்டுமே "ஆம்". இது சல்லடை மட்டும்தான். ஆட்டிசம் என்று உறுதி செய்யாது.

யாரிடம் போவது

முதலில் காது. விளம்பரப் பாட்டுக்கு ஓடி வருகிறதே, காது நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள். சில அலைவரிசைகள் மட்டும் கேட்காமல் இருக்கலாம். காதிலிருந்து மூளைக்குச் சத்தம் போய்ச் சேருகிறதா என்று பார்க்கும் பெரா பரிசோதனை பெரும்பாலும் குழந்தை தூங்கும்போதுதான் செய்யப்படும். அன்று காலை சீக்கிரம் எழுப்பிவிடுங்கள். தாம்பரத்திலிருந்து வண்டியில் வரும் வழியிலேயே தூங்கி, வாசலில் விழித்துக்கொண்டால் அன்றைய நாள் போச்சு.

பிறகு குழந்தை வளர்ச்சி நிபுணர், குழந்தை மனநல மருத்துவர், மருத்துவ உளவியலாளர் இவர்களில் ஒருவர். அரசுத் தரப்பில் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈசிஆர்) முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் இருக்கின்றன. ஆட்டிசத்தை உறுதி செய்ய ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. நடத்தையைக் கவனித்து, வளர்ச்சி வரலாற்றைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். வலிப்பு போன்ற வேறு அறிகுறி இருந்தால்தான் ஈஈஜி, எம்ஆர்ஐ போன்ற மூளைப் பரிசோதனைகள்.

யார் தவறு என்ற பஞ்சாயத்து வீட்டில் கிளம்பும். அம்மா வேலைக்குப் போனதாலும் வரவில்லை, தடுப்பூசியாலும் வரவில்லை. எம்எம்ஆர் ஊசியை (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லாவுக்கான தடுப்பூசி) குற்றம் சாட்டிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை அதை வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது. மரபணுக்களின் பங்குதான் பெரிது. போன், டிவி பார்ப்பதால் வருவதாக யூடியூபில் அடிபடும் "விர்ச்சுவல் ஆட்டிசம்" மருத்துவக் கையேடுகளில் உள்ள நோயறிதல் அல்ல. போனைக் குறையுங்கள், நல்லதுதான்; ஆனால் "ஆறு மாசம் போனை நிறுத்திப் பார்ப்போம்" என்று மதிப்பீட்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்றே தொடங்கக்கூடியவை

பிடித்த பொருளைக் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். குழந்தை பார்வை, கை, சத்தம் எதால் கேட்டாலும் உடனே கொடுத்து ஒரே ஒரு சொல்லைச் சொல்லுங்கள்: "முறுக்கு." சொன்னால்தான் தருவேன் என்று பிடித்து வைத்தால் கேட்பதையே விட்டுவிடும். ஒற்றைச் சொல் பேசும் குழந்தையிடம் நீங்கள் இரண்டு சொல்லில் பேசுங்கள்: "முறுக்கு வேணும்."

சில குழந்தைகள் கேள்வியையே திருப்பிச் சொல்வார்கள். தாகம் எடுத்தால் "தண்ணி வேணுமா?" என்று வரும். அது விளையாட்டல்ல, அதுதான் அவர்கள் கேட்கும் விதம். தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே, குழந்தை சொல்ல வேண்டிய வாக்கியத்தை நீங்கள் சொல்லுங்கள்: "தண்ணி வேணும்." படங்களைக் காட்டிக் கேட்கப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் தேவையில்லை. இன்னொன்று, "வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்ற அறிவுரை. வீட்டார் சரளமாகப் பேசுகிற மொழியிலேயே பேசுங்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் அதிகமாகிவிடாது.

குக்கர் விசில், மிக்ஸி, கல்யாண மண்டப மேளம், தீபாவளி வெடி: இவை சில குழந்தைகளுக்கு வலியாகவே இருக்கும். பழகட்டும் என்று பக்கத்தில் நிறுத்தாதீர்கள். மிக்ஸி போடும் முன் சொல்லுங்கள், வேறு அறைக்கு அனுப்புங்கள், காதை மூடும் ஹெட்போன் கொடுங்கள். கட்டுக்கடங்காமல் அழும்போது பேச்சைக் குறைத்து, கூட்டத்தை விலக்கி, அமைதியான இடத்துக்குக் கொண்டுபோங்கள். அடங்கிய பிறகு அதற்கு முன்னால் என்ன நடந்தது, பிறகு என்ன நடந்தது என்று எழுதுங்கள். இரண்டு வாரத்தில் காரணம் பெரும்பாலும் பிடிபடும். திடீரென்று புதிதாக அடம் தொடங்கினால் பல்வலி, மலச்சிக்கல், காதுவலி மூன்றையும் முதலில் பாருங்கள்.

தயிர்சாதம் மட்டுமே சாப்பிடுகிற குழந்தைக்கு அதற்குள் கேரட்டை ஒளித்து வைக்காதீர்கள். கண்டுபிடித்தால் தயிர்சாதமும் போய்விடும். தட்டின் ஓரத்தில் ஒரு துண்டு, தொடக் கட்டாயமில்லாமல், தினமும் வையுங்கள்.

சம்ப் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) மூடிக்குப் பூட்டுப் போடுங்கள். கதவுக்கு மேல்தாழ்ப்பாள் வையுங்கள். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலர் சொல்லாமல் வெளியேறுவார்கள், தண்ணீரை நோக்கியும் போவார்கள். காணவில்லை என்றால் முதலில் சம்ப், கிணறு, குளம், பிறகுதான் தெரு.

தெரபி சென்டரில் கேட்க வேண்டியவை

பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்புக் கல்வியாளரும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்கிறார்களா? பெற்றோர் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா? மூன்று மாதத்தில் என்ன மாற்றம் எதிர்பார்க்கிறார்கள் என்று எழுதித் தருவார்களா? கதவைச் சாத்திக்கொண்டு 45 நிமிடம் நடத்திவிட்டு "நல்லா பண்ணினான்" என்று மட்டும் சொல்லும் இடம் வேண்டாம். வீட்டில் நீங்கள் செய்ய எதுவும் கற்றுத்தராத தெரபி பாதித் தெரபிதான்.

"முழுக்க குணமாக்குகிறோம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஸ்டெம்செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையத் தரப்பு 2022-இலேயே சொல்லிவிட்டது. உடலிலிருந்து உலோகத்தை நீக்குவதாகச் சொல்லும் கீலேஷன் உயிருக்கே ஆபத்து. ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல் போன்ற மருந்துகள் கடும் எரிச்சல், தன்னைத்தானே அடித்துக்கொள்வது போன்றவற்றைக் குறைக்கத்தான். பேச்சை வரவழைக்க அல்ல.

சான்றிதழ்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் ஆட்டிசம் உண்டு. ஐ.எஸ்.ஏ.ஏ. என்ற 40 கேள்வி அளவுகோலில் மதிப்பிடுவார்கள். மதிப்பெண் 70-க்குக் கீழே என்றால் ஆட்டிசம் இல்லை, 70–106 லேசானது, 107–153 நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது. யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். சின்ன வயதில் தரும் சான்றிதழ் தற்காலிகமானதாக இருக்கலாம். காலாவதித் தேதியைப் பார்த்து வையுங்கள். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிரமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை தரும். தெரபிக்கும் அதில் குறிப்பிட்ட வரம்பு வரை பணம் கேட்கலாம், ஆகவே ஒவ்வொரு தெரபி ரசீதிலும் பெயர், தேதி, முத்திரை இருக்கிறதா என்று வாங்கும்போதே சரிபாருங்கள்.