துளை சிறுத்தால் புள்ளியை இழுக்காதீர்கள்: டூல்பாத் திருத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் சிஎன்சி (கணினி ஓட்டும் வெட்டு மெஷின்) பழக வருகிற பெடியளுக்கு, டூல் போகும் பாதையைப் புள்ளி புள்ளியாகத் திருத்துகிற டூல்பாத் எடிற்றரைத் திறந்து காட்டினால் போதும், அடுத்த கிழமையே எல்லா வருத்தத்துக்கும் அதுதான் மருந்து. புள்ளி திரையில் தெரிகிறது, எக்ஸ், வை, இசட் எண்ணை மாற்றலாம், பிறகென்ன? எல்லோரும் அப்படித்தான் தொடங்கினோம். கோப்பைச் சேமிக்க மறப்பது, மில்லிமீற்றருக்குப் பதில் அங்குலத்தில் விடுவது போன்றவற்றை ஒருமுறை பட்டவர் மறக்கமாட்டார். இங்கே எழுதுவது பட்டும் திருந்தாதவற்றை.

அளவு வரவில்லை என்று புள்ளியை நகர்த்துவது

கொட்பே மீன்பிடித் துறைமுகத்துக்கு வரும் பலநாள் படகின் வின்ச்சுக்கு ஒரு பேரிங் ஹவுசிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியம். 6206 பேரிங் உட்கார வேண்டும், ஆகவே துளை 62 எச்7, அதாவது சகிப்பு (அனுமதிக்கும் அளவு) 62.00 மி.மீ. இலிருந்து 62.03 வரை. 16 மி.மீ. எண்ட்மில்லால் (பக்கத்தாலும் வெட்டும் டூல்) சுற்றி வெட்டி அளந்தால் 61.96.

பழகுநர் 62.01 வேண்டுமென்று கணக்குப் போடுகிறார்: 0.05 குறைகிறது. எடிற்றரைத் திறந்து துளையின் ஆரையான 31 என்ற எண்ணைத் தேடுகிறார், கிடைக்காது. டூலின் ஆரைக்கான ஈடுசெய்தலைக் கணினியே செய்திருப்பதால் பட்டியலில் இருப்பது டூலின் மையம்: 31 கழித்தல் 8, அதாவது எக்ஸ் 23, எக்ஸ் -23. இரண்டையும் 23.05 ஆக்கிவிடுகிறார்.

இனி இரண்டில் ஒன்று நடக்கும். எடிற்றர் வளைவைத் திரும்பக் கணிக்காத வகையென்றால் ஐ -23 அப்படியே நிற்கும். ஐ என்பது தொடக்கப் புள்ளியிலிருந்து மையத்துக்கான தூரம். ஆகவே தொடக்கம் நகர்ந்தால் மையமும் கூடவே நகர்ந்து எக்ஸ் 0.05 இல் போய் நிற்கிறது. தொடக்கத்தில் ஆரை 23, முடிவில் 23.1. ஃபனக் கொன்ட்ரோலரில் (மெஷினை ஓட்டும் கணினி) 3410 ஆம் பராமீற்றரில் உள்ள அளவை அந்த 0.1 தாண்டினால் 020 அலாரம் அடித்து மெஷின் நிற்கும். அதிர்ஷ்டம் என்றால் இதுதான்.

எடிற்றர் வளைவையும் ஒழுங்காகக் கணித்துவிட்டால் அலாரம் இல்லை. துளை 62.06. விட்டத்துக்கான 0.05 ஐ ஆரையில் கொடுத்தால் இரட்டிப்பாகத்தானே வெட்டும்! வெட்டிய அலுமினியத்தைத் திரும்ப ஒட்ட முடியாது.

சரி, கெட்டிக்காரப் பெடியன் 23.025 என்றே கொடுத்தான், துளை 62.01 வந்தது, பேரிங் உட்கார்ந்தது. உண்மையில் எரிச்சல் வருவது இங்கேதான். மூன்று மாதம் கழித்து அதே ஹவுசிங் இன்னும் மூன்று கேட்கிறார்கள், ஆழம் மட்டும் 16 க்குப் பதில் 18. இன்னொருவர் ஆழத்தை மாற்றி, பாதையைத் திரும்பக் கணிக்கிற ரீஜெனரேற்றை அழுத்துகிறார். கையால் திருத்திய புள்ளிகள் அழிந்து பழைய 23 திரும்பி வருகிறது. திருத்தம் இருந்ததற்கு வரைபடத்திலோ டூல் பட்டியலிலோ ஓர் அடையாளமும் இல்லை. பேரிங் இறங்காது, யாரோ சுத்தியலால் தட்டி இறக்குவார்கள், வெளி வளையம் நெருங்கி உள் இடைவெளி போய், வின்ச் சுற்றச் சுற்ற பேரிங் சுடும்.

சில மென்பொருள்கள் திருத்திய ஒப்பரேஷனைத் தாமே பூட்டிவிடும். அதுவும் காப்பாற்றாது. துளை சிறுத்ததே 16 மி.மீ. டூல் தேய்ந்து 15.96 போல வெட்டியதால்தான். இப்போது புது டூல் போட்டால், திருத்திய பாதையின் விட்டம் 46.05 (23.025 இன் இரட்டிப்பு) உடன் டூல் 16: துளை 62.05. மூன்றும் கழிவு.

செய்ய வேண்டியது இது. முதலில் துண்டை ஆறவிடுங்கள். தகரக் கூரைக்குக் கீழே வெட்டி முடித்த சூட்டோடு அளந்தால், 10 பாகை கூடினாலே 62 மி.மீ. அலுமினியத் துளை 0.014 பெருத்துக் காட்டும். சகிப்பில் ஏறக்குறைய பாதி அது. பிறகு எதையும் மாற்றாமல் அதே பாதையை இன்னொரு தடவை ஓட்டுங்கள். டூல் வளைந்ததால் விட்டுப்போன பொருள் அதில் போகும். திரும்ப அளந்து, மிச்சத்தை மட்டும் வெயார் ஓஃப்செற்றில் (டூலின் தேய்மானத்தை மெஷினில் பதியும் இடம்) கொடுங்கள். ஆரையில் 0.025 குறைகிறதென்றால் -0.025, சைபருக்கு முன்னால் கழித்தல் குறி, ஏனென்றால் டூல் சிறியது என்று சொன்னால்தான் அது சுவரை நோக்கித் தள்ளிப்போகும். விட்டத்தில் கேட்கிற மெஷினுக்கு -0.05. இதற்கு ஒப்பரேஷனில் முன்கூட்டியே வெயார் ஈடுசெய்தலைத் தெரிவுசெய்து, ஜி41 ஐ (டூலைப் பாதையின் இடப்பக்கம் தள்ளும் கட்டளை) நேர்கோட்டு நுழைவில் தொடங்கியிருக்க வேண்டும். வளைவில் ஜி41 தொடங்காது.

ஆர் போட்ட வளைவின் முனையை இழுப்பது

வளைவை மையத்துக்கான தூரத்தால் (ஐ, ஜே) கொடுக்கலாம், ஆரையால் (ஆர்) கொடுக்கலாம். ஐ, ஜே என்றால் மெஷின் கத்தும். ஆர் என்றால் சத்தமே வராது. 10 ஆரைக் கால்வட்டம், தொடக்கம் எக்ஸ் 10 வை 0, முடிவு எக்ஸ் 0 வை 10. முடிவை வை 10.05 ஆக்குங்கள்: கொன்ட்ரோலர் புது மையத்தைத் தானே கண்டுபிடிக்கும், மையம் வை திசையில் 0.05 தள்ளிப்போகும். தொடக்கத்தில் தொடுகோடு ஏறத்தாழ 0.3 பாகை முறியும்.

வளைபரப்பில் ஒரே ஒரு புள்ளி

0.5 மி.மீ. இடைவெளியில் வரிசையாக நிற்கும் புள்ளிகளில் ஒன்றை மட்டும் 0.1 இறக்கினால் வழுவழுப்பான பள்ளம் வராது, இருபுறமும் 11 பாகைச் சரிவோடு ஒரு குத்துத் தழும்பு வரும்.

ஜி0 நேர்கோட்டில் போகும் என்று நம்புவது

ஜி0 என்பது வெட்டாமல் வேகமாக நகர்த்தும் கட்டளை. சிமுலேஷனில் நேர்கோடு. பல மெஷின்களில் ஒவ்வொரு அச்சும் தன் முழு வேகத்தில் தனித்தனியே ஓடும். எக்ஸில் 200, இசட்டில் 50 கீழே என்று ஒரே வரியில் கொடுத்து, இரண்டுக்கும் வேகம் ஒன்றென்றால், முதல் 50 இலேயே இசட் இறங்கி முடிந்துவிடும். மிச்சம் 150 மி.மீ. டூல் கிளாம்ப் உயரத்தில் போகும். இரண்டு வரியாக்குங்கள்: முதலில் எக்ஸ், பிறகு இசட்.

ஐந்து அச்சு

டூலின் சாய்வு புரியாமல் புள்ளியைத் தொடவேண்டாம்.

எழுதி வைக்காதது

ஒப்பரேஷன் பெயரிலேயே எழுதுங்கள்: "கையால் திருத்தியது, 14 ஆம் புள்ளி, இசட் +5".

அந்த +5 தான் புள்ளி நகர்த்துவதற்கான சரியான இடமும்கூட. வெட்டு முடிந்து டூல் காற்றில் போகும் புள்ளிகள், கிளாம்ப் போல்ற்றுக்கு மேலே தூக்க வேண்டிய வெளியேற்றப் புள்ளி, இவ்வளவுதான். நகர்த்தியபின் வேலை ஓஃப்செற்றில் இசட்டை 50 மி.மீ. உயர்த்தி, சிங்கிள் புளொக்கில் (ஒவ்வொரு வரியாக நிறுத்தி ஓட்டும் முறை), ரப்பிட்டை (ஜி0 வேகம்) 25 சதவீதத்தில் வைத்து ஒருதடவை காற்றில் ஓட்டிப் பாருங்கள். பார்த்து முடிந்ததும் அந்த 50 ஐத் திரும்ப எடுத்துவிடுங்கள். அதையும் மறந்துவிட்டு அரை மணித்தியாலம் காற்றையே வெட்டிக்கொண்டு நிற்பவர்களும் இருக்கிறார்கள்.