கிரேக்கர்களின் வானத்தை விஆரில் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழங்கால கிரேக்க வானியலை மெய்நிகர் (விஆர்) உலகமாகக் கட்டிப் பார்க்கும் ஆர்வம் இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. ஹெட்செட் கைக்கெட்டும் விலைக்கு வந்துவிட்டது. விண்மீன் பட்டியல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. விஆர் காட்சிகளைக் கட்ட உதவும் யூனிட்டி மென்பொருள் தெரிந்த மாணவர்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அண்மையில் ஒரு கல்லூரிக் கண்காட்சியில் இப்படிச் சில படைப்புகளை மாட்டிப் பார்த்தேன். இந்த வேலையைத் தொடங்கிய காலத்தில் நாங்கள் எங்கெல்லாம் சறுக்கினோமோ, அதே இடங்களில் அவர்களும் சறுக்கியிருந்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தலைசுற்றல், ஃபிரேம் குறைவது, எழுத்துகள் மங்கலாகத் தெரிவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றைச் சொல்லித்தரக் காணொளிகள் போதுமான அளவு உண்டு. வானம் சம்பந்தப்பட்ட தவறுகளை மட்டும் பார்ப்போம்.

பார்வையாளரை வானத்துக்கு வெளியே நிறுத்துவது

முதல் முயற்சிகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. ஹெட்செட்டை மாட்டியதும் கும்மிருட்டு. நடுவில் பந்து அளவில் பூமி, அதைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாகக் கண்ணாடிக் கோளங்கள். பார்வையாளர் அவற்றுக்கு வெளியே மிதந்துகொண்டிருப்பார். "கிரேக்கர்கள் பிரபஞ்சம் இப்படி இருப்பதாக நம்பினார்கள்" என்று ஒரு குரல் சொல்லும். ஒரு பொத்தானை அழுத்தினால் கோளங்கள் மறைந்து சூரியன் நடுவுக்கு வரும். "உண்மை இதுதான்" என்று அதே குரல் முடித்துவைக்கும்.

இதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் "பாவம், அந்தக் காலத்தில் அவர்களுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிக்கொண்டு போவதை எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் எனக்கு எரிச்சல் வருகிறது. வெறும் கண்ணையும் சில எளிய கருவிகளையும் வைத்துக்கொண்டு, கோள்களின் ஒழுங்கற்ற நடைக்குக் கணிதம் கண்டுபிடித்தவர்களை அறியாதவர்களாகக் காட்டி அனுப்புகிறோம். கண்காட்சியே இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் பார்வையாளருக்கு இந்தத் தவறான எண்ணம் வந்திருக்காது.

ஒரு குழு கிரேக்க வானியலாளர் யூடாக்சஸின் அமைப்பை முழுமையாகக் கட்டியிருந்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் அவர் வகுத்தது அது. சூரியனுக்கு 3, சந்திரனுக்கு 3, ஐந்து கோள்களுக்குத் தலா 4, விண்மீன்களுக்கு ஒன்று என மொத்தம் 27 கோளங்கள். இருபத்தேழையும் ஒளி ஊடுருவும்படி செய்திருந்தார்கள். ஒளி ஊடுருவும் பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக வரைவது தனித்து இயங்கும் ஹெட்செட்டுக்குப் பெரும் சுமை. படம் திக்கித் திக்கி ஓடியது. அதைச் சரிசெய்யவே அந்தப் பருவத்தின் பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டார்கள். கண்காட்சி அன்று ஒரு பள்ளி மாணவி மாட்டிப் பார்த்துவிட்டு, "செவ்வாய் ஒண்ணுக்கு எதுக்கு நாலு கோளம்? ஒண்ணு போதாதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கான பதில் அவர்கள் கட்டிய காட்சியில் எங்குமே இல்லை. அந்த நான்கு கோளங்களும் ஒரு புதிருக்கு விடை. புதிரைக் காட்டாமல் விடையை மட்டும் கட்டியிருந்தார்கள். கடைசியில் முழுவதையும் கலைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

புதிர் தரையில் நின்று பார்த்தால்தான் தெரியும். யூடாக்சஸின் ஊரான நைடஸ், இன்றைய துருக்கியின் தென்மேற்கு முனையில் இருக்கிறது. பார்வையாளரை அந்தக் கடற்கரையில் இரவில் நிறுத்துங்கள். செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே வரும் காலமாகத் தேர்ந்தெடுங்கள். பிறகு காலத்தை ஓட்டுங்கள். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 24 மணி நேரம் 24 மணி நேரமாகத் தாவினால் ஒவ்வொரு தாவலிலும் விண்மீன்கள் மேற்கே நகரும், கண் குழம்பும். 23 மணி 56 நிமிடம் 4 விநாடியாகத் தாவுங்கள். விண்மீன்கள் அசையாமல் நிற்கும், செவ்வாய் மட்டும் நகரும்.

இப்போது பார்வையாளர் தன் கண்ணால் பார்ப்பார். செவ்வாய் கிழக்கு நோக்கிப் போகிறது, மெதுவாகிறது, நிற்கிறது, திரும்பி மேற்கே நடக்கிறது. ஏறக்குறைய இரண்டரை மாதம் கழித்து மறுபடி நின்று, பழைய திசைக்கே திரும்புகிறது. நம் ஜோதிடர்கள் வக்கிரம் என்று சொல்வது இதைத்தான். கையில் இருக்கும் கட்டுப்படுத்தியால் அந்தப் பாதையை வானத்தில் வரையவிடுங்கள். தன் கையால் அந்த வளைவைப் போட்டவர், "இது ஏன் இப்படிப் போகிறது?" என்று கேட்காமல் இருக்கமாட்டார்.

அப்போது கோளங்களைக் கொண்டுவாருங்கள், ஆனால் உள்ளிருந்து. கண்ணாடி வேண்டாம். ஒவ்வொரு கோளத்துக்கும் ஒரு மெல்லிய வளையமும் அச்சின் இரு முனைகளும் போதும். முதலில் உட்புறத்தின் இரண்டு கோளங்களை மட்டும் காட்டுங்கள். அச்சுகள் சற்றே சாய்ந்திருக்க, இரண்டும் ஒரே வேகத்தில் எதிரெதிராகச் சுழலும். அவற்றில் பதிந்த கோள் வானத்தில் ஓர் எட்டு வடிவத்தை வரையும். பிறகு ராசிச் சக்கரத்தின் வழியே நகர்த்தும் கோளத்தைச் சேருங்கள். எட்டு இழுபட்டு, முன்னும் பின்னுமான நடையாக மாறும். கடைசியாகத் தினசரிச் சுழற்சி. நான்கு கோளங்கள் எதற்கு என்று இனி யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்த எட்டு நடுவில் நிற்பவருக்கு மட்டுமே சரியாகத் தெரியும் என்பதால், கோளங்களின் மையத்தைப் பார்வையாளரின் தலை இருக்கும் இடத்தோடு கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டடி நடந்ததும் வடிவம் குலைந்துவிடும்.

அங்கேயே நிற்கவைத்து இன்னொன்றையும் காட்டலாம். உண்மையான செவ்வாய் வக்கிரத்தின்போது மிகப் பிரகாசமாகவும் மற்றக் காலங்களில் மங்கலாகவும் தெரியும். யூடாக்சஸின் செவ்வாயோ எப்போதும் ஒரே தூரத்தில் இருக்கிறது. அது ஏன் மங்க வேண்டும்? இந்தக் குறையைக் கிரேக்கர்களே எழுப்பினார்கள். பெரிய வட்டத்தின் மேல் சிறிய வட்டம் உருளும் அமைப்பை கணித அறிஞர் அப்பொலோனியஸ் ஆராய்ந்ததும், பின்னர் வானியலாளர் தாலமி அதைச் செம்மைப்படுத்தியதும் இந்த வழியில் வந்தவை. அந்த அமைப்பில் கோள் அருகிலும் வரும், தொலைவிலும் போகும். இரண்டு மாதிரிகளையும் அசல் வானத்தின் மேல் மாற்றி மாற்றிப் போட்டு ஒப்பிடவிடுங்கள். ஓர் அறிவியல் தன்னையே திருத்திக்கொள்வதைக் கண்முன்னால் காட்டும் வாய்ப்பு இது. விஆர் அளவுக்கு வேறு எந்த ஊடகமும் இதைச் செய்ய முடியாது என்று நான் நம்புகிறேன்.

வெளியே பறக்கவே கூடாது என்று சொல்லவில்லை. சமோஸ் தீவின் அரிஸ்டார்க்கஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே சூரியனை நடுவில் வைத்தார். அவருடைய காட்சியில் பறக்கலாம். ஆனால் அதற்கு முன், அரை நிலா அன்று நிலவுக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள கோணத்தைத் தரையிலிருந்து பார்வையாளரே அளக்கட்டும். அரிஸ்டார்க்கஸ் 87 பாகை என்று கொண்டார். அதிலிருந்து, சூரியன் நிலவைப்போல 18 முதல் 20 மடங்கு தொலைவில் இருப்பதாகக் கணக்கிட்டார். உண்மைக் கோணம் 90க்கு மிக நெருக்கம், தொலைவு ஏறத்தாழ 390 மடங்கு. மூன்று பாகைக்கும் குறைவான பிழை விடையை எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைக் கையால் அளந்தவர் மறக்கமாட்டார்.

இன்றைய விண்மீன்களை அன்றைய ஏதென்ஸின் மேல் விரிப்பது

ஏதென்ஸின் பார்த்தினன் கோயிலை நுணுக்கமாகச் செதுக்கிவிட்டு, அதன் மேல் இன்றைய வானத்தை அப்படியே மாட்டிவிடுகிறார்கள். இரவு முழுக்கத் துருவ விண்மீன் அசையாமல் நிற்கிறது, மற்றவை அதைச் சுற்றுகின்றன. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ் காலத்தில் அந்த விண்மீன் துருவத்திலிருந்து 12 பாகைக்கு மேல் தள்ளி இருந்தது. பார்த்தினன் கட்டிய காலத்தில் இன்னும் தொலைவில். துருவத்தில் விண்மீன் எதுவும் இல்லை, அது வெற்றிடம் என்று ஹிப்பார்க்கஸே எழுதியிருக்கிறார்.

காரணம் அயனச் சலனம். பூமியின் அச்சு மெல்லத் திசை மாறுவதால் ஏறக்குறைய 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை நகர்கிறது. பஞ்சாங்கத்தில் அயனாம்சம் என்று பார்த்திருப்பீர்கள், அதற்கும் இதுவே அடிப்படை. இதைக் கண்டுபிடித்தவராக அறியப்படுபவரே ஹிப்பார்க்கஸ்தான். அவருக்குச் சுமார் 150 ஆண்டுகள் முன்பு அலெக்சாந்திரியாவில் திமோகாரிஸ் அளந்தபோது, சித்திரை விண்மீன் இலையுதிர் காலச் சம இரவுப் புள்ளிக்கு 8 பாகை முன்னால் இருந்தது. ஹிப்பார்க்கஸ் அளந்தபோது 6 பாகைதான். இன்றைய வானத்தை மாட்டினால், அவருடைய மிகப் பெரிய கண்டுபிடிப்பை அவருடைய காட்சியிலிருந்தே அழித்துவிடுகிறோம்.

சிலர் இதைத் திருத்தப் போய் விண்மீன் கோளத்தைத் துருவ அச்சைச் சுற்றியே 30 பாகை திருப்பிவிடுகிறார்கள். அதனால் இரண்டு மணி நேரம் மாறியதுபோல ஆகுமே தவிர ஆண்டுகள் மாறாது. திருப்ப வேண்டியது ராசிப் பாதையின், அதாவது வானில் சூரியன் ஓராண்டில் நகரும் பாதையின், துருவத்தைச் சுற்றி. சரியாக வந்ததா என்று பார்க்க ஒரு சோதனை: ஹிப்பார்க்கஸ் காலத்து அலெக்சாந்திரியாவில் தென் சிலுவை தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே முழுதாகத் தெரிய வேண்டும். தாலமி அவற்றைச் சென்டார் என்ற விண்மீன் குழுவின் கால் விண்மீன்களாகப் பட்டியலிட்டிருக்கிறார்.

சுவாதிக்கு மட்டும் கூடுதல் கவனம் தேவை. அதற்குச் சொந்த ஓட்டமும் உண்டு. ஹிப்பார்க்கஸ் காலத்திலிருந்து ஒரு பாகைக்கும் அதிகமாக நகர்ந்துவிட்டது.

கி.மு. ஆண்டை அப்படியே எண்ணாகப் போடுவது

வரலாற்றுக் கணக்கில் கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1. வானியல் மென்பொருள்களில் நடுவே ஒரு பூஜ்யம் ஆண்டு உண்டு. ஆகவே கி.மு. 413 என்பது அங்கே -412. கி.மு. 413 ஆகஸ்ட் 27 அன்று நேர்ந்த சந்திர கிரகணத்தைக் கண்டு அஞ்சி, ஏதென்ஸின் தளபதி நிக்கியாஸ் சிராக்கூஸிலிருந்து பின்வாங்குவதைத் தள்ளிப்போட்டார். அவருடைய படையே அழிந்தது. -413 என்று போட்டுவிட்டுக் காத்திருந்தால் அந்த இரவில் முழுநிலவே இருக்காது.

அந்தத் தேதி பழைய ஜூலியன் நாட்காட்டிக் கணக்கில் உள்ளது. யூனிட்டியில் எழுதும் சி ஷார்ப் நிரல்மொழியின் தேதி வசதி இன்றைய கிரிகோரியன் கணக்கு. அது கி.பி. 1க்கு முன்னால் போகவும் போகாது. எல்லாவற்றையும் ஜூலியன் நாள் எண்ணில், அதாவது நாள்களை விடாமல் வரிசையாக எண்ணும் கணக்கில், வைத்துக்கொள்ளுங்கள். பூமியின் சுழற்சி காலப்போக்கில் மெதுவாகி வருவதால், சீரான நேரக் கணக்குக்கும் பூமியின் சுழற்சி காட்டும் நேரத்துக்கும் இடையே சேர்ந்த வேறுபாடும் உண்டு. அந்தக் கிரகணத்துக்கு அது 4 மணி நேரத்தைத் தாண்டும். ஸ்டெல்லேரியம் என்ற வானியல் மென்பொருளில் அதே இரவைத் திறந்து உங்கள் காட்சியோடு ஒப்பிட்டுவிடுங்கள்.

இருப்பிடத்தை மாற்ற மறப்பது

தெற்கே அகத்தியர் விண்மீன் உயரமாக ஒளிர்ந்தால், உங்கள் ஏதென்ஸ் இன்னும் சென்னையில்தான் இருக்கிறது. ரோட்ஸ் தீவில் அது அடிவானத்தை உரசிவிட்டு மறையும்.

பட்டியலில் உள்ள எல்லா விண்மீன்களையும் ஏற்றுவது

ஹிப்பார்க்கோஸ் செயற்கைக்கோளின் பட்டியலில் 1,18,218 விண்மீன்கள் உள்ளன. தாலமியின் பட்டியலில் 1,022. வெறும் கண்ணுக்குத் தெரியும் எல்லையான பிரகாச அளவு 6 வரை போதும்.

விண்மீன் குழுக்களின் கோடுகள்

தொடக்கத்தில் அணைத்து வையுங்கள். கேட்டால் மட்டும் காட்டுங்கள்.

சனிக்கு வளையம்

வேண்டாம்.

ஆன்டிகிதெரா இயந்திரத்தைத் தானாக ஓடவிடுவது

1901இல் கடலடிக் கப்பல் சிதைவிலிருந்து எடுத்த இந்தப் பல்சக்கரக் கருவி எல்லோருக்கும் பிடிக்கும். ஆகவே பளபளக்கும் பித்தளையில் செய்து, கடிகாரம்போல ஓடவிட்டுவிடுகிறார்கள். அது கடிகாரம் அல்ல. பக்கவாட்டில் கையால் சுழற்றி, வேண்டிய நாளுக்குக் கொண்டுபோய் நிறுத்திப் படிக்கும் கணிப்பான். சுழற்றும் வேலையைப் பார்வையாளரிடம் கொடுங்கள். முன்பக்கம் நாட்காட்டி வட்டத்திலும் ராசி வட்டத்திலும் முட்கள் நகரும். பின்பக்கம் 19 ஆண்டுகளின் 235 சந்திர மாதங்கள் ஐந்து சுற்றுச் சுருளிலும், கிரகணச் சுழற்சியின் 223 மாதங்கள் நான்கு சுற்றுச் சுருளிலும் ஓடும். நிலவு ஒரே வேகத்தில் நகர்வதில்லை என்பதைக்கூட, ஒரு சக்கரத்தின் ஊசி இன்னொன்றின் பள்ளத்தில் வழுக்கும்படி அமைத்துக் காட்டியிருக்கிறார்கள். அந்த இடத்தைப் பெரிதாக்கிக் காட்டுங்கள், அங்கே எல்லோரும் நெடுநேரம் நிற்பார்கள்.

இன்று எஞ்சியிருப்பது 82 துண்டுகள், அவற்றில் 30 பல்சக்கரங்கள். கோள்களை ஓட்டிய சக்கரங்களில் பெரும்பகுதி இன்றைய ஆய்வாளர்களின் மீட்டுருவாக்கம். ஏதென்ஸ் அருங்காட்சியகத்தில் இருப்பவற்றை ஒரு நிறத்திலும் ஊகித்தவற்றை வேறு நிறத்திலும் காட்டுங்கள். அந்த நிறக்குறிப்பு கருவியின் அருகிலேயே, கை எட்டும் உயரத்தில் இருக்கட்டும். பட்டியல் பலகையைச் சுவரில் மாட்டினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.